அனுமதிக்கப்பட்ட பிழை

எடை அளவு அலுவலகத்தின் ஆய்வாளர் ஒருத்தி, சரியாக இருந்த ஒரு தராசைப் பார்த்து அழுதுவிட்டாள்.

தப்பான தராசைப் பார்த்து அழுதிருந்தால் யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். கடமை உணர்ச்சி என்று பாராட்டி ஆண்டு மலரில் படம் போட்டிருப்பார்கள். ஆனால் அந்தக் காய்கறிக்கடைத் தராசு ஐந்து கிலோவுக்கு ஐந்து கிலோதான் காட்டியது. ஒரு கிராம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அவள் எடைக்கற்களை ஒவ்வொன்றாக இறக்கி வைத்தாள். முள் பூஜ்யத்துக்குத் திரும்பி நின்றது. அவள் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது.

கடைக்காரர் பதறிப்போனார். "அம்மா, பாஸா ஃபெயிலா? அதை மட்டும் சொல்லிட்டு அழுங்க."

அவள் எடைக்கற்களைப் பைக்குள் போட்டாள். முத்திரை பதிக்காமலேயே பையைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டாள்.

முத்திரை இல்லாத தராசில் வியாபாரம் செய்வது குற்றம். ஆரம்பித்த ஆய்வாளரே சோதனையை முடிக்க வேண்டும் என்பது விதி. ஆகவே கடைக்காரர் காய்களைக் கூறு போட்டு விற்க ஆரம்பித்தார். என் கூறு சின்னது, உன் கூறு பெரியது என்று கடை வாசலில் தினமும் சண்டை. நாலாம் நாள் அவர் அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினார்: "தங்கள் அலுவலர் எனது தராசைச் சோதித்து அழுதார். கண்ணீர் என்பது தேர்ச்சியா, தோல்வியா என்று தெரிவிக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்."

இருபத்திரண்டு வருட வேலையில் அவள்மீது வந்த முதல் புகார் அது. அதைப் படித்தபோது அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. அதுதான் அவளுடைய உண்மையான பிரச்சினை.

அவளுக்கு நாற்பத்தொன்பது வயது. மாதவிடாய் வருவதும் வராததுமாக ஒரு வருடம் போக்குக் காட்டிவிட்டு, ஏழு மாதமாக நின்றுவிட்டது. முதலில் கோபம் வந்தது. வீட்டு மின்விசிறி மெதுவாகச் சுற்றுகிறது என்று அதை நிற்க வைத்துக் கேள்வி கேட்டாள். மகள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அப்புறம் உடம்பு கொதித்தது, காரணமில்லாமல் அழுகை வந்தது.

மருத்துவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "மாதவிடாய் நிக்கிற வயசும்மா. கோபம் வரும், அழுகை வரும், சில நேரம் ஒண்ணுமே தோணாது. மாறி மாறி வரும், போகும். பயப்படாதீங்க."

மற்றதெல்லாம் வந்தது, போனது. தராசைப் பார்த்து அழுத மறுநாள், ஒன்றுமே தோன்றாதது வந்தது. போகவில்லை. பல் பிடுங்குவதற்கு ஊசி போட்ட கன்னம் மாதிரி உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது. மகள் தேர்வில் முதலிடம் என்றாள். "சரி" என்றாள். குழம்பில் உப்பு இல்லை என்றார் கணவர். அதற்கும் "சரி."

ஒன்றே ஒன்றுதான் மிச்சம் இருந்தது. முத்திரைக் குறடு. தேர்ச்சி பெற்ற தராசின் கம்பியில் ஒரு ஈயத் துண்டைக் கோத்து, குறட்டின் வாயில் வைத்து அழுத்த வேண்டும். ஈயம் நசுங்கும்போது 'டக்' என்று கையில் ஒன்று தெரியும். நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை அந்த 'டக்'. அந்த நேரத்தில் மட்டும் தன் கை தன்னுடையது என்று அவளுக்குத் தெரிந்தது.

புகார் வந்த மறுநாள் அந்தக் குறட்டைப் பறித்துக்கொண்டார்கள்.

பறித்தவர் கண்காணிப்பாளர். அலுவலகத்தில் அவருக்குத் 'தசமம்' என்று பெயர். எதைச் சொன்னாலும் புள்ளி வைத்து ஒரு எண் சேர்க்காமல் சொல்ல மாட்டார். காலையில் வணக்கம் சொன்னால், "வணக்கம், நீங்க நாலு புள்ளி ரெண்டு நிமிஷம் லேட்" என்பார்.

"தப்பா எடுத்துக்காதீங்க மேடம்" என்றார் தசமம், விதிப்புத்தகத்தைப் பிரித்தபடி. "விதி பதினேழு. சோதிக்கிறவரும் சோதனைக் கருவியின் ஒரு பகுதி. புகாருக்குப் பதிலா நீங்க குடுத்த டாக்டர் சீட்டுல என்ன எழுதியிருக்கு? மனநிலை மாறும்னு. மாறுற கருவியை நாம என்ன பண்ணுவோம்?"

"சிவப்பு அட்டை கட்டித் தனியா வைப்போம்" என்றாள் அவள். இருபத்திரண்டு வருடப் பழக்கம்.

"பாத்தீங்களா, உங்களுக்கே தெரியுது."

'பயன்பாட்டில் இல்லை' என்று எழுதிய சிவப்பு அட்டையை அவள் கழுத்தில் தட்டச்சர் கட்டிவிட்டாள். தட்டச்சருக்கு அவளைவிட இரண்டு வயது கூட. இழுப்பறையில் எப்போதும் ஒரு சின்ன விசிறி வைத்திருப்பாள், எதற்கென்று யாரும் கேட்டதில்லை. "இறுக்கமா இருக்காடி?" என்று காதருகில் கேட்டாள்.

"தெரியலக்கா."

"தொண்ணூறு நாளைக்குள்ள உங்களைச் சரிபார்த்து சான்றிதழ் வாங்கணும். இல்லேன்னா விதி பத்தொன்பது" என்றார் தசமம். விதி பத்தொன்பது என்பது கிடங்கு. உடைந்த தராசுகளும், வளைந்த முழக்கோல்களும், ஓட்டை விழுந்த எண்ணெய் அளவுகளும் கிடக்கும் இடம். அங்கே போன கருவி எதுவும் திரும்பி வந்ததில்லை.

எந்தக் கருவியையும் சோதிக்கும் முன் இருபத்துநாலு மணி நேரம் குளிர்ந்த அறையில் வைத்து நிலைப்படுத்த வேண்டும். அலுவலகத்திலேயே குளிர்சாதனம் இருப்பது அந்த ஒரு அறையில்தான். கண்ணாடிப் பேழைக்குள் மூல அளவு என்கிற ஒரு கிலோ எடைக்கல் அங்கே வீற்றிருக்கும். மற்ற எல்லா எடைகளும் சரியா என்று பார்ப்பது அதை வைத்துத்தான். வெளியே கூடத்தில் முப்பது பேர் மூன்று மின்விசிறியின் கீழ் வெந்துகொண்டிருந்தார்கள். குளிர்சாதனம் மனிதர்களுக்கானது அல்ல என்று கதவில் எழுதியே வைத்திருந்தது.

இப்போது அவள் கருவி. ஆகவே உள்ளே விட்டார்கள்.

மூன்று நாள், நாளைக்கு எட்டு மணி நேரம், எடைக்கல்லுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். ஏழு மாதத்தில் முதல் தடவையாகக் கழுத்துப் பின்னால் வியர்க்கவில்லை. தசமம் கண்ணாடி வழியாகப் பார்த்துக் குறித்துக்கொண்டார்: 'கருவி அசைவின்றி உள்ளது.'

சிக்கல் நாலாம் நாள் வந்தது. எந்தக் கருவியையும் அதைவிட உயர்ந்த மூல அளவோடு ஒப்பிட்டுத்தான் பிழை சொல்ல முடியும். எடைக்கு எடைக்கல் இருக்கிறது. மனநிலைக்கு எது மூல அளவு?

அவசரக் கூட்டம் கூட்டினார்கள். இயக்குநர் எழுந்து பேசினார்.

"முப்பது வருஷமா இந்த அலுவலகத்துல எவ்வளவோ மாறியிருக்கு. கருவி மாறிச்சு, விதி மாறிச்சு, கட்டடத்துக்கு வெள்ளையடிச்சாங்க. நான் மாறலை. என் மனைவி இதை ஒரு குறையாவே எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருக்காங்க. ஒருத்தர் சொல்றதைக் கேட்டு என் கருத்தை நான் மாத்திக்கிட்டதா யாராவது சொல்ல முடியுமா?"

யாரும் சொல்லவில்லை.

"சரியான மனநிலைன்னா என்னன்னு என்னைக்காவது எனக்குச் சந்தேகம் வந்ததே இல்லை. எனக்கு என்ன மனநிலையோ, அதுதான் சரியான மனநிலை. ரொம்பத் தயக்கத்தோட இந்தப் பொறுப்பை ஏத்துக்கறேன்."

கைதட்டினார்கள். தசமம் பதிவேட்டில் எழுதினார்: 'மூல அளவு: இயக்குநர். பிழை: பூஜ்யம்.'

ஒப்பீட்டு விதிகள் எளிமையானவை. மூல அளவும் சோதனைக் கருவியும் ஆறடிக்குள் இருக்க வேண்டும். மூல அளவு நகர்ந்தால் கருவியும் கூடவே நகர வேண்டும். மணிக்கு ஒரு தடவை இருவர் முகத்தையும் தசமம் பார்ப்பார். இருவருக்கும் உள்ள வித்தியாசம் அவளுடைய பிழை. அனுமதிக்கப்பட்ட பிழை இரண்டு.

அவளுடைய நாற்காலியை இயக்குநர் அறையில் போட்டார்கள்.

முதல் நாள் பத்து மணிக்கு இயக்குநருக்குத் தேநீர் வந்தது. சர்க்கரை இல்லை. கோப்பையைச் சுவரில் எறிந்து, கொண்டுவந்தவரின் மூன்று தலைமுறையைத் திட்டினார். அவள் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

தசமம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "மூல அளவு பூஜ்யம். கருவி மைனஸ் ஆறு புள்ளி நாலு."

"அவர்தானே சார் கோப்பையை எறிஞ்சாரு?"

"அவர் எறிஞ்சா அது பூஜ்யம் மேடம். நீங்க எறியல. அதான் பிழை."

பன்னிரண்டு மணிக்குப் பதவி உயர்வுப் பட்டியல் வந்தது. அதில் இயக்குநர் பெயர் இல்லை. கோப்பு ஒன்றை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு, தோள் குலுங்க அழுதார். கோப்பு தலைகீழாக இருந்தது. அவள் ஜன்னல் வழியே தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மைனஸ் எட்டு புள்ளி ஒண்ணு" என்றார் தசமம் வருத்தத்தோடு. "ஒரு சொட்டு விட்டிருந்தாக்கூட தேறியிருப்பீங்க."

"அழுததுக்குத்தானே சார் என்னை இங்க உக்கார வெச்சீங்க?"

"அன்னிக்கு மூல அளவு பக்கத்துல இல்லையே மேடம்."

மாலையில் படியிறங்கும்போது தசமம் கூடவே வந்தார். குரலைத் தாழ்த்தினார். "என் வீட்லயும் போன வருஷம் இப்படித்தான். ஒரு நாள் கோபம், ஒரு நாள் பேச்சே இல்லை. நான் ஒரு அட்டவணை போட்டு சமையலறையில ஒட்டினேன். மணிக்கு ஒரு தடவை குறிச்சேன்."

"சரியாச்சா சார்?"

"தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டாங்க. பதினொண்ணு புள்ளி அஞ்சு மாசம் ஆச்சு." கொஞ்சம் நடந்தார். "அட்டவணையையும் எடுத்துட்டுப் போயிட்டாங்க. அதுதான் ஏன்னு புரியல."

வீட்டில் அவள் நடந்ததைச் சொன்னாள். கணவர் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவர். எதற்கும் ஒரு மாற்று மருந்து வைத்திருப்பார்.

"கத்தணும், அவ்வளவுதானே? என்னைப் பாத்துக் கத்திப் பழகு. காரணத்துக்கா பஞ்சம்? உன் அக்கா கல்யாணத்துல நான் தூங்கினேனே, அதை நெனச்சுக்கோ."

அவள் வாயைத் திறந்தாள். "தூங்கிட்டீங்களே" என்றாள், பேருந்து எண்ணைப் படிப்பது போல.

"அம்மா, இப்படிக் கத்தினா பூனைகூட எந்திரிக்காது" என்றாள் மகள். "அன்னிக்கு ஃபேனைத் திட்டினியே, அந்த மாதிரி."

"அன்னிக்கு வந்துச்சு. இப்ப வரலையே."

கணவர் சிரிப்பதை நிறுத்தினார். "வேலையை விட்டுடேன்மா. கிடங்குல போய் எதுக்குக் கிடக்கணும்?"

அவள் தன் வலது கையை விரித்துப் பார்த்தாள். "என்னங்க, குறட்டை அழுத்தறப்ப மட்டும்தான் கையில ஏதோ இருக்கற மாதிரி இருக்கு. வேற எதுலயும் இல்லை. அதையும் விட்டுட்டா என்ன ஆவேன்னு எனக்குத் தெரியல."

மகள் நாற்காலியை இழுத்து அவள் எதிரே போட்டு உட்கார்ந்தாள். "சரி, தோண வேண்டாம். தோணற மாதிரி செய். நான் மேசையை அடிக்கறேன், நீயும் அடி. எண்ணிக்கோ. ஒண்ணு, ரெண்டு, மூணு."

மறுநாள் இயக்குநர் மேசையை மூன்று தடவை அடித்தார். அவளும் மூன்று தடவை அடித்தாள். "எல்லாம் தண்டச்சோறு!" என்று அவர் கத்தினார். "எல்லாம் தண்டச்சோறு" என்றாள் அவளும். அவர் ஓட்டுநரைத் திட்டப் படியிறங்கினார். அவள் ஆறடி பின்னால் இறங்கிப்போய் அதே ஓட்டுநரைத் திட்டினாள். ஓட்டுநர் அவளைப் பார்த்து, "நீங்களுமா மேடம்?" என்றார். "மன்னிச்சுக்கோங்க, சோதனை நடக்குது" என்றாள்.

மூன்றாம் நாள் இயக்குநர் தன் இளமைக்கால வறுமையைச் சொல்லி அழுதபோது, அவள் மருந்துக்கடையிலிருந்து வந்த கண் சொட்டு மருந்தைச் சரியான நேரத்தில் விட்டுக்கொண்டாள். இயக்குநர் நெகிழ்ந்துபோனார். "முப்பது வருஷத்துல என்னைப் புரிஞ்சுக்கிட்ட முதல் ஆள் நீங்கதாம்மா."

"பூஜ்யம் புள்ளி மூணு" என்றார் தசமம். "தேர்ச்சி!"

சிவப்பு அட்டையைக் கழற்றிவிட்டு, அவளுடைய அடையாள அட்டைக் கயிற்றில் ஈய முத்திரை ஒன்றைக் கோத்து அழுத்தினார்கள். யாரோ அழுத்தினார்கள். 'டக்' அவர்கள் கையில் கேட்டது.

"குறடு, சார்?" என்று கேட்டாள்.

"திங்கட்கிழமை காலையில வாங்கிக்கோங்க."

திங்கட்கிழமை காலையில் திருத்திய பதவி உயர்வுப் பட்டியல் வந்தது. இயக்குநர் பெயர் முதலில் இருந்தது. பத்தரை மணிக்கு அவர் தலைமை அலுவலகத்துக்கு வண்டி ஏறிவிட்டார். மூல அளவு இல்லாமல் அலுவலகம் நின்றது.

தசமம் புத்தகத்தைப் பிரித்தார். முகம் மலர்ந்தது. "விதி இருபத்துமூணு. மூல அளவு இல்லாதபோது, அதனோடு கடைசியா ஒப்பிட்டுத் தேறின கருவியே மூல அளவு." அவளைப் பார்த்துக் கைகூப்பினார். "மேடம், இனிமே நீங்கதான்."

"அப்ப என் குறடு?"

"என்ன மேடம் பேசறீங்க? மூல அளவை யாராவது கடைத்தெருவுக்கு எடுத்துட்டுப் போவாங்களா? தூசு படும். தேஞ்சுடும்."

ஒரு பெண்ணின் மனநிலைக்கே இத்தனை சோதனை என்றால், மற்றவர்களுக்கு வேண்டாமா என்று தலைமை அலுவலகத்துக்குப் போன இயக்குநர் அங்கிருந்து கடிதம் அனுப்பியிருந்தார். ஆகவே தினமும் பதினொரு மணிக்கு அலுவலகம் முழுவதும் அவளோடு ஒப்பிடப்பட்டது. குளிர்ந்த அறையில் எடைக்கல் பக்கத்தில் அவள் உட்கார்ந்திருப்பாள். மற்றவர்கள் ஆறடிக்குள் வரிசையாக நிற்பார்கள்.

அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. அதனால் யாருக்கும் எதுவும் தோன்றக்கூடாது என்று ஆயிற்று.

முதல் வாரத்திலேயே கூடத்தில் சிரிப்புச் சத்தம் நின்றது. இரண்டாம் வாரம் கோபமும் நின்றது. பிறந்தநாள் வாழ்த்தை இரங்கல் செய்தி போலச் சொன்னார்கள், இரங்கலை விடுமுறை அறிவிப்பு போல. முகத்தில் எதையாவது காட்டியவர் கழுத்தில் சிவப்பு அட்டை ஏறியது. பதினொரு பேர் கிடங்கில் இருந்தார்கள். ஒப்பீட்டுக்கு மட்டும் மேலே வந்து போனார்கள்.

ஒரு நாள் தசமம் அவள் முன்னால் வந்து நின்றார். அவர் உதடு கொஞ்சம் நடுங்கியது. அடக்கிக்கொண்டார்.

"எனக்குப் பேத்தி பொறந்திருக்கா மேடம். மூணு புள்ளி ஒண்ணு கிலோ."

"வாழ்த்துகள் சார்."

"நன்றி மேடம்."

இருவரும் சுவரைப் பார்த்தார்கள். பதிவேட்டில் இருவருக்கும் பூஜ்யம் விழுந்தது. தசமம் தன் கைக்குட்டையை நாலாக மடித்து, மறுபடி பிரித்து, மறுபடி மடித்தார்.

உடம்புக்கு அந்த அறை சுகமாகத்தான் இருந்தது. கைக்குத்தான் வேலையில்லை. அவள் வலது கை மடியில் கிடந்தது. சில சமயம் தானாக ஒரு தடவை மூடித் திறக்கும்.

ஐந்தாம் வாரம், பதினொரு மணி ஒப்பீடு நடந்துகொண்டிருந்தபோது கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு ஒருவர் உள்ளே வந்தார். காய்கறிக்கடைக்காரர். கக்கத்தில் தராசு.

"அம்மா, ஒண்ணரை மாசமா கூறு போட்டு வித்துட்டிருக்கேன். நேத்து ரெண்டு பொம்பளைங்க ஒரு பூசணிக்காய்க்காக முடியைப் பிடிச்சுக்கிட்டாங்க. நீங்க அழுததைப் பத்தி நான் கேக்கவே இல்லை. அப்புறம் போட்டதையும் சேர்த்து மூணு கடிதத்தையும் வாபஸ் வாங்கிக்கறேன். தராசு சரியாத்தானேம்மா இருந்துச்சு?"

"சரியாத்தான் இருந்துச்சு."

"அப்புறம் எதுக்கும்மா அழுதீங்க?"

அலுவலகத்தில் இதுவரை யாரும் அவளிடம் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. கேட்பதற்கு விதி இல்லை.

அவள் யோசித்தாள். "அஞ்சு கிலோவைத் தூக்கி வெச்சேன். எடுத்துட்டேன். எடுத்ததும் முள்ளு அது பாட்டுக்குத் திரும்பி வந்து பூஜ்யத்துல நின்னுச்சு. எதுவுமே நடக்காத மாதிரி." நிறுத்தினாள். "எனக்கு அப்படித் திரும்ப வரலை. எங்க போனேன்னே தெரியல."

சொல்லி முடிப்பதற்குள் கண்ணீர் இறங்கிவிட்டது. சொட்டு மருந்து அல்ல. மூக்கு ஒழுகி, முகம் கோணி, சத்தத்தோடு வந்தது.

தசமம் கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்று ஐந்து. ஒப்பீடு முடியவில்லை. "மூல அளவு அழுகிறது" என்றார். குரல் உடைந்தது. "எல்லாரும்... அனுமதிக்கப்பட்ட பிழை ரெண்டு!"

முப்பது பேரும் அழுதார்கள். முதலில் விதிக்காக அழுதார்கள். சிலர் கண்ணைக் கசக்கினார்கள், சிலர் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து எழுதிக்கொள்வது போல அழுதார்கள். தட்டச்சர் மட்டும் விசிறியைக் கீழே போட்டுவிட்டு, சுவரில் சாய்ந்து, "எனக்கு ரெண்டு வருஷம்டி, ரெண்டு வருஷம்" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். அதைப் பார்த்துவிட்டுத்தான் மற்றவர்களுக்கு நிஜமாக வந்தது. தசமம் பதிவேட்டில் 'பிழை: இல்லை' என்று எழுதினார். அந்த எழுத்தின் மேலேயே ஒரு சொட்டு விழுந்து மை கலைந்தது. புள்ளி எங்கே வைப்பது என்று தெரியாமல் பேனாவைப் பிடித்தபடி நின்றார்.

அவள் எழுந்தாள். "சார், மூல அளவு செய்யறது தப்பா இருக்க முடியுமா?"

"முடியாது மேடம்." தசமம் மூக்கை உறிஞ்சினார். "விதியிலயே அதுக்கு இடமில்லை."

"அப்ப என் குறட்டைக் குடுங்க."

அவர் பீரோவைத் திறந்து, பிளாஸ்டிக் உறையோடு எடுத்துக் கொடுத்தார். அவள் உறையைக் கிழித்தாள். கடைக்காரரைப் பார்த்து, "வாங்க. சோதனையைக் கடையிலதான் முடிக்கணும்" என்றாள். கதவைத் திறந்துகொண்டு நடந்தாள்.

ஒப்பீடு முடியவில்லை. மூல அளவு நகர்ந்தால் கருவிகளும் நகர வேண்டும். ஆறடிக்குள் இருக்க வேண்டும்.

அன்றைக்குக் கடைத்தெருவில் இருந்தவர்கள் அந்த ஊர்வலத்தைப் பார்த்தார்கள். முன்னால் ஒரு காய்கறிக்கடைக்காரர், கையில் தராசு. பின்னால் அழுதுகொண்டே ஒரு பெண், கையில் குறடு. அவளை நெருக்கியடித்துக்கொண்டு அழுகிற முப்பது அரசு ஊழியர்கள், சிலர் கழுத்தில் சிவப்பு அட்டை. கடைசியில் ஒருவர் பதிவேட்டைத் திறந்து பிடித்தபடி, "எனக்குப் பேத்தி பொறந்திருக்கா" என்று எதிரே வருகிறவர்களிடமெல்லாம் தேம்பிக்கொண்டு வந்தார்.

பூசணிக்காயோடு நின்ற ஒரு பெண்மணி கடைக்காரரைப் பிடித்து நிறுத்தினாள். "யாருக்குங்க என்ன ஆச்சு?"

"யாருக்கும் ஒண்ணும் ஆகல. தராசு சரியா இருக்காம்."

தராசை மேடையில் வைத்தார். அவள் எடைக்கற்களை ஏற்றினாள். ஐந்து கிலோ. இறக்கினாள். முள் ஆடியது, ஆடியது, வந்து நின்றது. முன்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கம்பியைக் கோத்து, ஈயத்தைக் குறட்டின் வாயில் வைத்தாள்.

"அம்மா," என்றார் கடைக்காரர், ஆறடிக்குள் நின்ற அத்தனை ஈர முகங்களையும் ஒரு தடவை பார்த்துவிட்டு, "பாஸா ஃபெயிலா?"

டக்.

"பாஸ்" என்றாள். கையைத் தளர்த்தாமல் இன்னும் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்திருந்தாள்.